மேல்தளம் போடும்வரை தொட்டில் கூடாது

போன மாதம் எங்கள் பழைய கிளையிலிருந்து விக்னேஷ் போன் செய்தான். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எழுந்துவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன்.

"அண்ணே, புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு வீட்டு லோனுக்கு வந்திருக்காங்க. ரெண்டு சம்பளம். பிள்ளை இன்னும் இல்ல. சிஸ்டம் பெரிய தொகையாக் காட்டுது. எனக்கு என்னமோ இடிக்குது. நீங்கள்லாம் எம்புட்டுண்ணே குடுப்பீங்க?"

"காட்டுறதைக் குடுத்துட்டு சாப்பிடப் போ மாப்ள" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் கேள்வி எனக்குள் இறங்கியது. கையில் இருந்த டீ ஆடை கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பழங்காநத்தத்தில் வீட்டுக் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போடுவதுதான் வேலை. ஆனால் ஊருக்குத் தெரிந்தது அதுவல்ல. சோலை என்றால் சிரிப்புக் காட்டுகிறவன். வழியனுப்பு விழாவில் பேசிய ஐந்து பேரும் நான் அடித்த ஜோக்குகளைத்தான் திரும்பச் சொன்னார்கள். ஒரு ஜோக்கை மட்டும் யாரும் சொல்லவில்லை. அது எங்கே போய் முடிந்தது என்று தெரிந்தவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர்தான். விக்னேஷுக்குச் சொல்ல வேண்டிய பதில் அதில்தான் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

சேர்ந்த முதல் இரண்டு வருடத்தில் பத்திரம் படிக்கவும், வில்லங்கம் பார்க்கவும், மேஸ்திரி பொய் சொல்லும்போது முகத்தைச் சும்மா வைத்துக்கொள்ளவும் கற்றேன். மற்றதெல்லாம் மேனேஜர் தனபாலன் சாரிடம்.

சார் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். அவர் குரல் மேஜை விளிம்பைத் தாண்டி வெளியே வராது. சட்டைப்பையில் இரண்டு பேனா. நீலம் வந்தவர்களுக்கு, பச்சை அவருக்கு. கணவன் மனைவி கடன் கேட்டு வந்தால் சம்பளச் சீட்டை வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். முதலில் இருவருக்கும் தண்ணீர். பிறகு கணவனைத் தன் மேஜையிலும் மனைவியை என் மேஜையிலும் உட்கார வைத்து, ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுப்பார்.

"ஒரு மாசம் உங்க வீட்டுக்கு என்னென்ன செலவு ஆகுதுன்னு எழுதுங்க. ஒருத்தரை ஒருத்தர் கேக்கப்படாது."

கணவன்மார்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். வாடகை, பலசரக்கு, பெட்ரோல். மனைவிமார்களுக்கு அரைமணி நேரம் ஆகும். பால், கேஸ், மாமனாரின் பிரஷர் மாத்திரை, நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து, யாருக்கும் தெரியாமல் கட்டும் ஏலச்சீட்டு. சார் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருக்கிற, இன்னொன்றில் இல்லாதவற்றுக்குக் கீழே பச்சையில் கோடு போடுவார். கோடு போட்டதைக் கழித்துவிட்டுத்தான் சம்பளச் சீட்டைக் கையிலேயே எடுப்பார்.

பிள்ளை இல்லாத ஜோடி என்றால் இன்னொரு கேள்வி உண்டு. 'எப்போ பிள்ளை பெத்துக்கப் போறீங்க' என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது நமக்குச் சம்பந்தமில்லாதது என்பார். அவர் கேட்பது இதுதான்: "நாளைக்கு வீட்டுல ஒரு பிள்ளை வந்தா, பகல்ல யார் கையில இருக்கும்?"

ஒரு பெயர் வந்தால் மனைவியின் சம்பளத்தை முழுசாகச் சேர்ப்பார். 'பாத்துக்கலாம் சார்' என்று வந்தால் பாதிதான். ஒருமுறை நான் இதற்கு வாதாடினேன். "சார், அதெல்லாம் பாத்துக்குவாங்க சார்" என்றேன்.

"பாத்துக்கலாம்ங்குறது ஒரு ஆளோட பேரு இல்ல சோலை."

இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடிக்கும்போது ஜோடிகளின் முகம் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் முகம்போல ஆகிவிடும். அதைச் சரிசெய்கிற வேலையை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். அனுமதிக் கடிதத்தை நீட்டும்போது முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு சொல்வேன்: "ஒரு கண்டிஷன். மேல்தளம் போடுற வரைக்கும் தொட்டில் வாங்கக் கூடாது. கம்பெனி ரூல்." அவன் சிரிப்பான், அவள் குனிந்துகொண்டு சிரிப்பாள். உள்ளேயிருந்து சார் ஒரு தடவை இருமுவார். அந்த இருமலையும் பாராட்டுக் கணக்கில்தான் எழுதிக்கொண்டேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் முனீசும் பாண்டீஸ்வரியும் வந்தார்கள். அவன் ஏசி மெக்கானிக். அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்து ரிசல்ட் எழுதுகிறவள். வில்லாபுரத்தில் வாடகை வீடு. கல்யாணமாகி ஒன்றரை வருடம். கீழக்குயில்குடிப் பக்கம் இரண்டரை சென்ட் இடம் வாங்கியிருந்தார்கள். பத்திரத்தை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, அதை இன்னொரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்திருந்தான் முனீஸ்.

"எங்க ரெண்டு வீட்டுலயும் சொந்தப் பேருல பத்திரம்னு ஒண்ணு இதான் சார் முதல்தடவை" என்றான். இரண்டு பேரின் பெற்றோரும் மற்றவர்கள் வயலில் கூலிக்கு வேலை செய்தவர்கள். சொல்லும்போது அவன் குரலில் பெருமை இல்லை. தகவலாகத்தான் சொன்னான்.

அந்த வாரம் சார் சென்னையில் பயிற்சிக்குப் போயிருந்தார். கையெழுத்துப் போடும் அதிகாரம் என்னிடம். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவர் செய்கிறபடியே தண்ணீர் கொடுத்து, இரண்டு தாள் கொடுத்தேன். என் சர்வீசில் இரண்டு தாளும் ஒத்துப்போன ஜோடி அவர்கள் மட்டும்தான். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

பாண்டீஸ்வரி யோசிக்கவே இல்லை. "யாரும் இல்ல சார். எங்கம்மா களை வெட்டப் போகுது. அத்தை நூறு நாள் வேலைக்குப் போறாங்க. அந்தக் கூலிய வச்சுத்தான் அவங்க வீடு ஓடுது."

பாத்துக்கலாம் என்றுகூட அவள் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது பதினெட்டு லட்சம். சார் முறைப்படி அவள் சம்பளத்தில் பாதியைச் சேர்த்தால் பதினாலு. அவர்கள் கொண்டுவந்த எஸ்டிமேட்டின்படி பதினாலு லட்சத்தில் வீடு லிண்டலோடு, அதாவது ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டையோடு நின்றுவிடும். சொன்னேன். முனீஸ் பத்திரத்தை எடுத்து முதல் கவருக்குள் போட்டான். பிறகு இரண்டாவது கவருக்குள். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினெட்டு என்று எழுதினேன்.

எழுதியதும் எனக்குள் ஒரு வள்ளல் எழுந்து உட்கார்ந்தான். வள்ளலுக்கு வாய் சும்மா இருக்குமா. முகத்தை விறைப்பாக்கினேன். "முழுசாத் தாரேன். ஆனா ஒரு கண்டிஷன். மேல்தளம் போடுற வரைக்கும் தொட்டில் கூடாது. கம்பெனி ரூல்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாண்டீஸ்வரி கேட்டாள்: "எழுதித் தரணுமா சார்?"

அதுவரை எந்த ஜோடியும் என் ஜோக்குக்கு இவ்வளவு ஒத்துழைத்ததில்லை. "எழுதுங்க, எழுதுங்க" என்று இன்னொரு வெள்ளைத்தாளை நீட்டினேன். மேல்தளம் முடியும்வரை குழந்தை பெற்றுக்கொள்ள மாட்டோம் என்று உறுதி கூறுகிறோம் என எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்கள். டீ நேரத்தில் மற்றவர்களிடம் காட்டலாம் என்று ஃபைலில் செருகினேன். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். ஃபைல் அலமாரிக்குப் போனது. நான் மறந்துபோனேன்.

அவர்கள் சிரிக்கவில்லை என்பதை அன்றைக்கே கவனித்தேன். கூச்சம் என்று நினைத்தேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மற்ற ஜோடிகளிடம் சொன்னபோது அது வெறும் ஜோக். இவர்களிடம் சொன்னபோது முழுசாக ஜோக் இல்லை. நாலு லட்சத்தை அதிகமாகக் கொடுத்துவிட்ட பயத்தில், உள்ளுக்குள் எனக்கும் அந்த உறுதிமொழி வேண்டியிருந்தது.

ஒன்பது மாதம் கழித்து, மேல்தளத்துக்கான பணத்தை விடுவதற்கு முன்னால் இடத்தைப் பார்வையிடப் போனேன். லிண்டல்வரை ஏறியிருந்த சுவருக்கு முனீஸ் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். டேப்பைப் பிடித்து அளந்தேன், போட்டோ எடுத்தேன். குழாயை நிறுத்திவிட்டு பக்கத்தில் வந்தான்.

"சார், எழுதிக் குடுத்ததுல ஒரு தப்பு ஆயிருச்சு."

"எதுல? எஸ்டிமேட்லயா?"

"இல்ல சார். பிள்ளை விஷயம்."

"யாரு பிள்ளை?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "எங்க பிள்ளைதான் சார். ரெண்டு மாசம் ஆயிருக்கு. மேல்தளத்துப் பணத்தை நிப்பாட்டிராதீங்க சார். அதைச் சரி பண்ணத்தான் அவ போயிருக்கா. ஆஸ்பத்திரியில பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. நானும் வாரேன்னேன். நீ இருந்து சாரைப் பாரு, இன்னைக்கு விட்டா பத்து நாள் இழுத்துரும்னுட்டா."

அப்போதுதான் அந்தத் தாள் ஞாபகம் வந்தது. மணி பத்தரை தாண்டியிருந்தது.

நான் பதறினால் எனக்கு முதலில் வேலைநிறுத்தம் செய்வது மூளை. வண்டியில் ஏறி, ஒரு சாவியைப் போட்டுத் திருகு திருகென்று திருகினேன். "சார், அது பீரோ சாவி" என்றான் முனீஸ். ஹெல்மெட்டை முன்பின் மாற்றி மாட்டினேன். இடுப்பில் செருகிய டேப் கழன்று பத்தடி நீளத்துக்குப் பின்னால் இழுபட்டது. கடைசியில் அவன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். போகிற வழியெல்லாம் அவளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள்.

பைபாஸ் ரோட்டில் அந்த இருபது நிமிடத்தில் நான் முதலில் நினைத்தது அந்தப் பெண்ணை அல்ல. ஃபைலில் இருக்கும் தாளை. ஆடிட்டில் எடுத்தால் என் கதி என்ன, பென்ஷன் என்ன ஆகும் என்று. முன்னால் வண்டி ஓட்டுகிறவனின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் நினைப்புக்கு வெட்கம் வந்தது.

பாண்டீஸ்வரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டிபன் பை மடியில், டோக்கன் கையில். அங்கிருந்து நேராக வேலைக்குப் போகும் உத்தேசம்.

"அது விளையாட்டுக்குச் சொன்னதும்மா" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"எது சார்?"

"அந்தக் கண்டிஷன். அப்பிடி ஒரு ரூலே கிடையாது. எந்தக் கம்பெனியிலயும் கிடையாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சிரிக்கலையே சார்."

"சிரிக்காமச் சொன்னாத்தாம்மா அது ஜோக்கு."

இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. அவள் முனீஸ் பக்கம் திரும்பினாள். "அப்ப மாசியில..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். முனீஸ் தரையைப் பார்த்தான்.

"மாசியில என்னம்மா?"

"அஸ்திவாரம் போட்டப்ப ஒண்ணு சார். இது ரெண்டாவது." ரிசல்ட் வாசிக்கிற குரலில் சொன்னாள்.

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டாள். பாண்டீஸ்வரி எழுந்து, பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து அதன் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினாள்.

"ரூல் இல்லைன்னு எழுதித் தருவீங்களா சார்?"

எழுதினேன். அவள் இரண்டு தடவை வாசித்தாள். மடித்து வைத்துக்கொண்டாள். ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"சரி சார், ரூல் இல்ல. கணக்கு அதேதான சார்? பிள்ளை யார் கையில இருக்கும்னு கேட்டீங்கள்ல. இப்பவும் யாரும் இல்ல. நான் வீட்டுல இருந்தா உங்க தவணையும் வாடகையும் எப்பிடிக் கட்டுறது?"

நர்ஸ் மறுபடி கூப்பிட்டாள். அவள் கேட்டதற்குப் பதில் ஒன்பது மாதத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எங்க மேனேஜர்ட்ட வாங்கம்மா. இப்பவே. அவருக்குத் தெரியும்" என்றேன். அவள் முனீஸைப் பார்த்தாள். அவன் தலையை அசைத்தான். கதவருகே போய் நர்ஸிடம், "இன்னைக்கு வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள். இன்றைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

தனபாலன் சார் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மாசியையும் சொன்னேன். அவர் ஃபைலை வரவழைத்து, அந்தத் தாளை எடுத்து வாசித்தார். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் எழுந்து நின்றார். "இது எங்க தப்பு" என்றார். சோலையின் தப்பு என்று சொல்லவில்லை. அவர்களுக்குத் தண்ணீர் வந்தது. பிறகு உட்கார்ந்து, தன் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு பச்சைப் பேனாவைத் திறந்தார்.

"லேப்ல எத்தனை மாசம் லீவு தருவாங்க?"

"மூணு மாசம் சார். சம்பளம் கிடையாது."

"ஆறு மாசம்னு வைப்போம். வயித்துல பிள்ளையோட புது வீட்டுல பால் காய்ச்ச உங்க வீட்டுல விடுவாங்களா?"

"விட மாட்டாங்க சார்" என்றான் முனீஸ்.

"அப்ப வீடு முடிஞ்சாலும் பிள்ளை பிறந்து கொஞ்ச நாள் வரைக்கும் வில்லாபுரத்து வாடகையும் ஓடும்." அதையும் எழுதினார். நான் போட்ட கணக்கில் இந்த வரி இல்லவே இல்லை. பிறகு எஸ்டிமேட்டை எடுத்து ஒவ்வொரு வரியாக அவர்களிடம் கேட்டுக் கேட்டு அடித்தார். போர்ட்டிகோ, மாடிப்படி, இரண்டாவது அறையின் பூச்சு, டைல்ஸ், கதவு. ஒரு மணி நேரம் ஆனது. மேல்தளம், ஒரு அறை, அடுப்படி, கழிப்பறை மிஞ்சியது. கூட்டினால் பதினாலு லட்சத்துக்குள் அடங்கியது. தவணைக் காலத்தை ஐந்து வருடம் நீட்டினார். பதினாலில் லிண்டலோடு நின்றுவிடும் என்று நான் நம்பியிருந்தேன். எஸ்டிமேட்டை உட்கார்ந்து அடிக்க ஒரு மணி நேரம் வேண்டும். பதினெட்டு என்று எழுத ஒரு நொடி போதும்.

"ஒண்ணு பாக்கி" என்றார் சார். "தம்பி, உங்க அம்மாவுக்கு நூறு நாள் வேலையில வர்ற கூலிய மாசாமாசம் நீங்களே அவங்க கையில குடுத்தா, பிள்ளையப் பாத்துக்க வருவாங்களா? சும்மா இல்ல. கூலியாவே குடுக்கணும்."

முனீஸ் பாண்டீஸ்வரியைப் பார்த்தான். அவள் கொஞ்சம் யோசித்தாள். "கையில காசு இருந்தா வருவாங்க சார். யார்ட்டயும் கேக்கப் பிடிக்காது அவங்களுக்கு."

"பேரைச் சொல்லுங்க."

"காளியம்மா."

பச்சையில் எழுதினார். காளியம்மா, மாதக் கூலி, தொகை.

அவர்கள் போன பிறகு என்னிடம் கத்துவார் என்று நின்றிருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து உக்காந்துட்டா, நம்ம சொல்ற எல்லாமே அவங்களுக்கு ரூலுதான் சோலை. உனக்குத் தெரியாதா அது" என்றார். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். தனக்கு எதிராகவும் ஒன்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். எனக்கு ஒரு வருட இன்கிரிமென்ட் போனது. அவருக்கு என்ன போனது என்று ஓய்வுபெறும்வரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் நான் ஜோக் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். டீக்கடையில், ஆடிட்டரிடம், என் வீட்டில் தினசரி. மேஜையில் பேனாவைத் திறந்த பிறகு மட்டும் இல்லை. விக்னேஷ், உன் கேள்விக்கு என்னிடம் தொகை கிடையாது. அந்த ஜோடியிடம் பிள்ளை பகலில் யார் கையில் இருக்கும் என்று கேள். பெயர் வந்தால் அந்த ஆளின் கூலியையும் கணக்கில் சேர். பெயர் வராவிட்டால் தொகையைக் குறைத்துவிட்டு, அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எஸ்டிமேட்டைப் பார். அவர்கள் முகம் வாடினால் வாடட்டும்.

மறு வருடம் பத்திரிகை வைத்து வீட்டுக்குப் பால் காய்ச்ச அழைத்தார்கள். சாருக்கு உடம்புக்கு முடியவில்லை, நான் மட்டும் போனேன். போகாமல் இருக்கக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. பூசாத செங்கல் சுவரோடு நின்ற இரண்டாவது அறையில் சமையல் பாத்திரங்களை அடுக்கியிருந்தார்கள். காளியம்மாள் வாசலில் எல்லோருக்கும் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார். பெண் குழந்தை. நான்கு மாதம். கூட்டத்தைப் பார்த்து மிரளாமல் பாண்டீஸ்வரியின் தோளில் கிடந்தது.

உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் குழந்தையைக் கையில் வாங்கினார். தூக்கிப் பார்த்து, கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுக் கேட்டார்.

"தலைச்சனா ஆத்தா?"

முனீஸ் வாழைமரத்துக் கயிற்றை இறுக்குவதற்குக் குனிந்துகொண்டான். அது இறுக்கமாகத்தான் இருந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாண்டீஸ்வரி குழந்தையைத் திரும்ப வாங்கி, விலகியிருந்த சட்டையை இழுத்துவிட்டாள்.

"ஆமா பெரியம்மா."

என் பக்கம் அவள் பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்து என்னைத் தாண்டிப் போகும்போது, எல்லோரிடமும் சொல்கிற குரலிலேயே, "சாப்பிட்டுத்தான் போகணும் சார்" என்றாள். பந்தியில் உட்கார்ந்து இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என்ன சாப்பாடு என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.